நாலாம் நம்பர் வால்வும் ஐம்பத்து மூன்று மணியும்

மே 22, திங்கள்

கஸ்பார் தம்பியின் விசைப்படகு எஞ்சின் ஹெட்டு இன்று காலை குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. எஞ்சினுக்கு மேல் மூடி போல உட்காரும் இரும்புக் கட்டை அது. ஆறு சிலிண்டருக்கு ஒரே ஹெட்டு, பன்னிரண்டு வால்வு. நாலு பேர் சேர்ந்து தூக்கி ஷெட்டுக்குள் வைத்தார்கள். ஷெட் என்றால் வீட்டு முன்வாசலில் போட்ட தகரக் கொட்டகைதான். அடுப்படியிலிருந்து பதினான்கு எட்டு வைத்தால் போதும்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் பதினைந்து காலை ஐந்து மணிக்குப் படகுகள் கடலுக்குப் போகும். அதற்குள் பன்னிரண்டு வால்வையும் தேய்த்து, ஒழுகாமல் உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும்.

போன அக்டோபரில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்துக் கொடுத்த ஒரு படகு மணப்பாட்டுக்கு நேரே நடுக்கடலில் நின்றுபோய், வேறு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. வால்வு ஒழுகியிருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவருக்குத் தோத்திரம். அதற்குப் பிறகு ஹெட்டு வேலை என்று யாரும் இந்த வாசலுக்கு வரவில்லை. இவரும் அதிலிருந்து கோயிலுக்கு வருவதில்லை. வீட்டில் செபம் சொல்லும்போது வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

கஸ்பார் மட்டும் கொண்டுவந்திருக்கிறார். "என் அப்பா காலத்துலருந்து இந்த எஞ்சினைத் தொட்ட கை அண்ணே ஒங்க கைதான். வேற எவனும் தொட்டா அது ஸ்டார்ட் ஆகாது, கோவிச்சுக்கும்" என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. அவர் போனபிறகு என்னிடம், இதுவும் சரியாக வரவில்லை என்றால் ஷெட்டைப் பூட்டிவிட்டு உப்பளத்துக்கு வாட்ச்மேனாகப் போய்விடுவேன் என்றார். சொன்னதை எழுதி வைக்கிறேன்.

மே 24, புதன். சகாய மாதா திருநாள்

காலைப் பூசைக்குப் போய் வந்தேன். புளி ஊறப்போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனபோது இவர் முதல் வால்வைத் தேய்த்து முடித்திருந்தார். குச்சியின் நுனியில் ரப்பர் கிண்ணம், அதில் வால்வு ஒட்டிக்கொள்ளும். வால்வு உட்காருகிற சீட்டில் தேய்க்கிற பேஸ்ட்டைத் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குச்சியை மத்துப் போல உருட்டுகிறார். முதலில் கரகரவென்று கேட்கும் சத்தம் போகப் போக வழவழப்பாகிறது. சத்தம் மாறியதும் நிறுத்திவிடுகிறார். வால்வைத் துடைத்து என்னிடம் நீட்டி, "வளையம் முழுசா இருக்கா பாரு" என்றார். சாம்பல் நிறத்தில் ஒரு மோதிரம் போல, எங்கும் அறுந்துபோகாமல் இருந்தது. இருக்கிறது என்றேன்.

சோதனையும் நான்தான் பார்க்க வேண்டுமாம். குனிந்தால் தலை சுற்றுகிறது என்றார். சரி என்றேன்.

சோதனை எப்படி என்றால்: ஹெட்டைப் பக்கவாட்டில் இரண்டு மரக்கட்டை மேல் நிறுத்த வேண்டும். காற்று போகிற துவாரங்கள் மேல்நோக்கி இருக்கும். அதில் ஒரு டம்ளர் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, வால்வின் முகம் தெரிகிற பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வால்வும் சீட்டும் சேருகிற விளிம்பில் பிறை போல ஒரு ஈரம் வந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். வராவிட்டால் நல்லது. ஒரு நேரத்தில் ஒரு வால்வுதான்.

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கால் மணிக்குக் குறையக்கூடாது, ஆனால் கடிகாரத்தைப் பார்க்கப் போனால் அந்த நேரம் பார்த்து ஈரம் வந்துவிடும், கண்ணை எடுக்காதே என்றார். ஒரு கையில் டார்ச், மறு கையில் துணி. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் எண்ணினேன். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணி செபம், மணிக்கு ஒரு மரியே வாழ்க என்று, எனக்குக் கண் பார்க்காமலே ஓடும். ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சேர்த்து முழுதும் சொல்லி முடிக்கும்போது கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். முதல் வால்வு ஐம்பத்து மூன்றும் முடிந்து உலர்ந்தே நின்றது.

செபத்தை இப்படி வேலைக்கு வைத்துக்கொள்வது பாவமா என்று பாதரிடம் கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பார். கேட்கவில்லை.

மே 26, வெள்ளி

பால் கணக்குக்குப் போடுகிற மாதிரி நோட்டில் கோடு போட்டுவிட்டேன். முதல் கட்டம் வால்வு நம்பர், இரண்டாவது எத்தனை மணி நின்றது, மூன்றாவது ஈரம் உண்டா இல்லையா. காற்று உள்ளே வருகிற வால்வு ஆறு, புகை வெளியே போகிற வால்வு ஆறு. உள்வால்வு ஒன்று முதல் நாலு வரை முடிந்தது. எல்லாம் 53. ஈரம் இல்லை.

ஒரு வசதி கண்டுபிடித்தேன். உலை கொதித்து அரிசியைப் போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனால், ஒரு வால்வு பார்த்துவிட்டு வரும்போது சோறு வடிக்கிற பதத்தில் இருக்கிறது. இரண்டு வேலை ஒரே நேரத்தில். இன்றைக்கு நெத்திலிக் குழம்பு.

மே 28, ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும்.

மத்தியானம் டீ கொட்டிவிட்டது. டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தது என் தப்பு.

மே 30, செவ்வாய்

உள்வால்வு ஆறும் முடிந்து, செயின் போட்டு ஹெட்டை மறுபக்கம் திருப்பினோம். இனி புகைவால்வுகள். இவைதான் நெருப்புத் தின்கிறவை. சீக்கிரம் கெட்டுப்போகுமாம்.

ஒன்று, இரண்டு, மூன்று நின்றன. நாலாம் நம்பர் பன்னிரண்டாவது மணியில் ஒழுகியது. முதலில் வியர்வை மாதிரி ஒரு புள்ளி. பிறகு பிறை. இவரிடம் சொன்னேன். "எந்தப் பக்கம்?" என்றார். கீழ்ப் பக்கம் என்றேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்து, முகர்ந்து, சரி என்றார். திரும்பத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்.

சாப்பிடும்போது இவருக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 1, வியாழன்

நேற்றோடு மாதா வணக்க மாதம் முடிந்தது. பலகாரம் பங்கிட்டார்கள், இவருக்கு இரண்டு முறுக்கு கொண்டுவந்தேன்.

நாலாம் நம்பர் இரண்டாம் தரம். முப்பத்தொன்றாவது மணியில் ஈரம். முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் நிற்கவில்லை. இவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். பிறகு சொன்னார்: "இன்னும் ஒரு தடவை பாப்பேன். அதுலயும் வரலன்னா கஸ்பாரைக் கூப்பிட்டு, என்னால முடியல தம்பி, வேற ஷெட்டுக்குக் கொண்டு போயிருன்னு சொல்லிருவேன்."

சொல்லிவிட்டால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு உப்பளம்.

மே மாதம் முழுவதும் செபித்ததில் ஒரு பங்கை இந்த வால்வுக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 3, சனி

நின்றது. நாலாம் நம்பர் நின்றது. ஐம்பத்து மூன்றும்.

இவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். மூச்சு என் கழுத்தில் பட்டது. பத்துப் பத்து மணிக்கு ஒரு தரம் "இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். மண்ணெண்ணெய் துவாரத்தில் ஊற்றினபடியே இருந்தது, விளிம்பு உலர்ந்திருந்தது. ஐம்பத்து மூன்று முடிந்த உடனே பெரிய சிரிஞ்சால் மண்ணெண்ணெயை உறிஞ்சி டப்பாவில் விட்டுவிட்டேன். நோட்டில் 53 என்று போட்டேன். மூன்று கட்டத்திலும் என் கையெழுத்து கொஞ்சம் கோணல்.

இவர் டார்ச்சை வாங்கி அணைத்தார். தொட்டியில் கை கழுவும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினார். அக்டோபருக்குப் பிறகு இன்றுதான்.

சோறு மட்டும் அரைவேக்காடு. நடுவில் அரிசி அப்படியே நின்றது. அடுப்பில் பர்னர் அடைத்துக்கொண்டிருக்கிறது போல. திரும்ப ஏற்றி வேக வைத்தேன்.

ஜூன் 4, ஞாயிறு

பர்னரைக் கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். அழுக்கு அதிகம் இல்லை.

ஜூன் 6, செவ்வாய்

புகைவால்வு ஐந்தும் ஆறும் பார்த்தாயிற்று. இரண்டும் 53. சோறு பதமாக வந்தது. பர்னரைக் குத்தியது நல்லதாகப் போயிற்று.

பன்னிரண்டு கட்டமும் நிரம்பிவிட்டது. கஸ்பாருக்குப் போன் போட்டுச் சொன்னோம். வரும்போது ஒரு சீலா மீன் துண்டு கொண்டுவந்தார். "மைனி, ஒங்க நோட்டைப் பாத்தா பேங்க்கு தோத்துரும்" என்றார்.

ஜூன் 8, வியாழன்

ஹெட்டு துறைமுகத்துக்குப் போனது. இவரும் போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஹெட்டுக்கு அடியில் புதுக் கேஸ்கட். நட்டு ஒவ்வொன்றையும் கைக்கணக்கில் முறுக்கினாராம். தொழிலில் இருக்கிற பிள்ளைகள் நின்று பார்த்தார்களாம். அதை இரண்டு தரம் சொன்னார்.

ஜூன் 9, வெள்ளி

எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. கொஞ்சம் வெள்ளைப் புகை இருந்ததாம். முதல் ஸ்டார்ட்டுக்கு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்களாம். இவர் மட்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படுக்கும்போது, "நாலு நல்லாத்தான நின்னுச்சு?" என்று கேட்டார்.

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். ஐம்பத்து மூன்று.

ஜூன் 11, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பூசைக்கு முன்னால் ஐம்பத்து மூன்று மணி செபம் சொல்லித்தர வேண்டிய முறை இன்று எனக்கு. நான் முதல் பாதி சொல்ல, சபை மறுபாதி சொல்லும். மனசில் அந்த வெள்ளைப் புகையே நின்றது. இரண்டாவது தேவரகசியத்தில், அதாவது இரண்டாம் பத்தில், பக்கத்தில் இருந்த ரெஜினா அக்கா முழங்கையால் இடித்தாள். "ஏளா, பஸ்ஸு பிடிக்கணுமா? நாங்க முடிக்கதுக்குள்ள நீ அடுத்தத ஆரம்பிக்க. மூச்சு விட வேண்டாமா?" பின்வரிசையில் சிரிப்பு.

எனக்கு ஷெட்டு ஞாபகம் வந்தது. சபை இருந்ததால் என்னை இடித்து நிறுத்த ஆள் இருந்தது. ஷெட்டில் முதல் பாதியும் நானே, மறுபாதியும் நானே.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். நோட்டு ஒரு பக்கம், இந்த நாட்குறிப்பு ஒரு பக்கம். ஒவ்வொரு வால்வு நின்ற நாளிலும் சோறு பதம் என்றோ, சோற்றைப் பற்றிப் பேச்சில்லை என்றோதான் இருக்கிறது. ஜூன் மூன்று மட்டும் அரைவேக்காடு. நானே எழுதியிருக்கிறேன்.

உலை வைத்து அரிசி போட்டேன். சுவர்க் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்து, அன்றைக்கு எப்படிச் சொன்னேனோ அப்படிச் சொன்னேன். இவர் பின்னால் நிற்கிறார், நாலாம் நம்பர் நிற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். எட்டு நிமிடம். கர்த்தர் கற்பித்த செபத்தை இரண்டு இடத்தில் விட்டே விட்டேன். அரிசியை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். நடுவில் வெள்ளை.

பர்னர் அன்றைக்கும் நன்றாகத்தான் எரிந்திருக்கிறது.

ஜூன் 12, திங்கள், காலை

சொல்ல வேண்டும். துணி துவைத்தேன். சொல்லவில்லை. சட்டையைக் கொடியில் போடும்போது நினைத்துக்கொண்டேன்: அந்தப் படகில் கஸ்பாரோடு எட்டுப் பேர் போவார்கள்.

அதே நாள், மாலை

சொல்லிவிட்டேன்.

இவர் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு நிமிடம், அரைவேக்காடு, ரெஜினா அக்கா, எல்லாம். பொய் எண்ணவில்லை, ஒரு மணியும் குறைக்கவில்லை, ஆனால் ஓடியிருக்கிறேன் என்றேன்.

கோபப்படுவார் என்று இருந்தேன். பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீ ஓடுனது எனக்குத் தெரியும்" என்றார். "பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். கடைசிப் பத்து வண்டி மாதிரி போச்சு. நிறுத்துன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

பிடியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் கண்ணு தெரியலட்டி" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"எப்பத்துலருந்து?"

"கிறிஸ்மஸ்லருந்து. குடில்ல பாலனை வைக்கச் சொன்னேன். மாட்டை எடுத்துத் தொட்டில்ல வச்சீய."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். "விடிய விடிய மாட்டையா கும்பிட்டீங்க?" என்று கேட்டார். இல்லை, யாரும் பார்ப்பதற்கு முன்னால் மாற்றி வைத்துவிட்டேன் என்றேன். ஒருவரும் அறியாமல் மாற்றி வைத்து மாற்றி வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அப்போது தோன்றியது. அதை இவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர்ப் படகிலும் அதுதான் நடந்திருக்கிறது. ஈரம் இருந்திருக்கிறது, இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இவரே சொன்னார்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டதும் இரண்டு பேரும் துறைமுகத்துக்குப் போனோம். கஸ்பார் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். இவர் முந்திக்கொண்டார். தப்பு என் பேரில்தான், ஹெட்டைத் திரும்பக் கழற்ற வேண்டும், கேஸ்கட் என் செலவு என்றார். கஸ்பாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"இன்னும் மூணு நாள்தான் கெடக்கு. வெளயாடுதியளா அண்ணே?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மைனி, நீங்க ஜெபம் பண்ணியா எஞ்சின் பாத்தீய?"

"ஜெபம் பண்ணல தம்பி. எண்ணுனேன். அதுதான் தப்பாப் போச்சு."

"அப்போ மத்த பதினொண்ணும்?"

நாட்குறிப்பைப் பையில் கொண்டு போயிருந்தேன். பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் ஒவ்வொரு தேதியாக வாய்விட்டுப் படித்தார். நெத்திலிக் குழம்பு என்பதையும் விடாமல் படித்தார். கடைசியில் தூரிகையைக் கீழே வைத்தார். "கோர்ட்டுல ஆளு சாட்சி சொல்லுவான். இங்க சோறு சாட்சி சொல்லுது" என்றார். கோபம் போகவில்லை, ஆனால் ஆட்களைக் கூப்பிட்டு நட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார். பன்னிரண்டையும் திரும்பப் பார்க்க வேண்டும், இந்தத் தடவை தன் போனில் நேரம் வைத்துப் பார்ப்பேன் என்றார். அது நியாயம்தான்.

நாலு மணிக்கு ஹெட்டு ஷெட்டுக்கு வந்தது. முதலில் நாலாம் நம்பர். நான் நிதானமாக எண்ணினேன். முப்பத்து நாலாவது மணியில் பிறை வந்தது. கஸ்பார் போனில் பத்து நிமிடம் சொச்சம்.

அன்றைக்கு எட்டு நிமிடத்தில் நான் முடித்துவிட்டேன். இரண்டு நிமிடம் முந்தி.

இவர் ஸ்பிரிங்கைக் கழற்றி வால்வை உருவி எடுத்தார். சுவரில் இருந்த முகம் பார்க்கிற கண்ணாடியைக் கேட்டார். அதை மேசையில் படுக்கப் போட்டு, வால்வின் தண்டை அதன்மேல் வைத்து, தலை மட்டும் வெளியே நிற்கும்படி உருட்டினார். "தண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுதா?" குனிந்து பார்த்தேன். ஒரு சுற்றில் ஒரு இடத்தில் மட்டும் நூல் அளவு வெளிச்சம் வந்து மறைந்தது. அப்படியே சொன்னேன்.

"வளைஞ்சிருக்கு" என்றார். "வளைஞ்ச வால்வை வருஷம் பூரா தேச்சாலும் உக்காராது. சீட்டு மேல தப்பே இல்ல, என் கை மேலயும் தப்பு இல்ல." பிறகு மெல்ல, "கண்ணு இருந்தா மொத நாளே உருட்டிப் பாத்திருப்பேன்" என்றார்.

கஸ்பார் இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புது வால்வு காலையில் கடை திறந்ததும் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசல் வரை போய்த் திரும்பி, "அண்ணே, மாமியாருக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணுன டாக்டரு நம்பர் என்கிட்ட இருக்கு. அரை மணி நேரந்தான். அந்தக் கெழவி இப்ப மீன்ல செதிலு கெடந்தா என்னைய ஏசுது" என்றார்.

ஜூன் 13, செவ்வாய். அந்தோணியார் திருநாள்

காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிற புனிதர். காலைப் பூசையில் எனக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

பத்து மணிக்குப் புது வால்வு வந்தது. இவர் முதலில் அதைக் கண்ணாடியில் உருட்டச் சொன்னார். வெளிச்சம் எங்கும் இல்லை. பிறகு தேய்த்தார். கரகரப்பு வழவழப்பாக மாறின இடத்தில் கையை நிறுத்தி, "கேட்டியா?" என்றார். எனக்கும் கேட்டது.

மற்ற பதினொன்றையும் முதலில் பார்த்துவிடலாம் என்றார். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நடுவில் செயின் போட்டுத் திருப்பினோம். கஸ்பார் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பிடித்திருந்தார். பதினாறு நிமிடம், பதினேழு, பதினாறரை. பதினொன்றும் நின்றன. பாதி வால்வு பார்க்கும்போதே கஸ்பார் போனை மடியில் வைத்துவிட்டார். "மைனி கணக்கும் போன் கணக்கும் ஒண்ணாத்தான் போகுது" என்றார். இருந்தாலும் நேரம் பார்க்கச் சொன்னேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும், நாலாம் நம்பருக்கு வந்தோம். ஒரு டம்ளர் மண்ணெண்ணெய் ஊற்றினேன். டார்ச் அடித்தேன். இப்போதும் மனசு நிற்கவேண்டும் நிற்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. அப்போது என் வாய் ஓடப் பார்க்கும், எனக்குத் தெரியும்.

முதல் மணியின் முதல் பாதியைச் சொன்னேன். மூச்செடுத்து மறுபாதியைத் தொடங்குவதற்குள், எனக்குப் பின்னாலிருந்து இவர் சொன்னார்.

எட்டு மாதம் சொல்லாத தொண்டை. துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி இருந்தது. ஒரு சொல்லை மாற்றிச் சொல்லி, திருத்திக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை எடுக்கக்கூடாது. இவர் முடிக்கும் வரை காத்திருந்து அடுத்த மணியைத் தொடங்கினேன். பாதி நான், பாதி இவர். பத்தாவது மணிக்கு மேல் மூன்றாவதாக ஒரு குரலும் சேர்ந்துகொண்டது. கஸ்பார் எழுந்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். அதைப் பிறகுதான் பார்த்தேன்.

முப்பத்து நாலு வந்தது. விளிம்பு உலர்ந்திருந்தது. நாற்பது. யாரும் "இருக்கா?" என்று கேட்கவில்லை. ஐம்பத்து மூன்று.

பத்தொன்பது நிமிடம் என்றார் கஸ்பார். சிரிஞ்சை எடுக்கக் கை நீட்டினேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரப்படாத. இன்னும் ஒரு பத்து போட்டுப் பாப்போம்."

போட்டோம். துணியால் விளிம்பை ஒற்றிக் கஸ்பாரிடம் கொடுத்தேன். அவர் முகர்ந்து பார்த்தார். துணியில் ஒன்றும் இல்லை.

நோட்டில் 63 என்று எழுதினேன். கோணல் இல்லை.

ஜூன் 14, புதன்

ஹெட்டு மாட்டியாயிற்று. ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார்கள். புகை இல்லை. டாக்டர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். முதலில் வலது கண்.

ஜூன் 15, வியாழன்

நாலரை மணிக்கே கரைக்குப் போய்விட்டோம். நூற்றுக்கணக்கில் படகுகள். எல்லா எஞ்சினும் ஒரே நேரத்தில் பிடித்தபோது காது அடைத்துப் போயிற்று. குருசு வரைந்துகொண்டேன். கஸ்பார் படகின் முன்பக்கம் அணியத்தில் நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "அண்ணே, கோவிச்சுக்காம ஸ்டார்ட் ஆயிட்டு" என்று கத்தினார்.

படகு ஒவ்வொன்றாக வெளியே போனது. இவர் என் தோளில் கை வைத்து நின்றார். படகு தெரிகிறதா என்று என்னிடம் கேட்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு சத்தத்துக்குள் கஸ்பார் படகைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறதா என்று நான் கேட்டேன். ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரி பேசுகிறது என்றார். நாலாவதைத் தனியாகச் சொல்லத் தெரியவில்லையாம், அதுதான் நல்ல அடையாளமாம்.

செபமாலையை எடுத்தேன். நான் ஒரு பாதி, இவர் ஒரு பாதி. விளக்குகள் சின்னப் புள்ளிகளாகி, விடிகிற வெளிச்சத்தில் கரைந்துகொண்டே போயின. நாற்பத்தொன்றாவது மணியில் எனக்கு எஞ்சின் சத்தம் கேட்காமல் போயிற்று. கடலும் காக்கையும்தான் கேட்டது.

"இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார்.

மீதிப் பன்னிரண்டு மணியையும் நிதானமாகச் சொன்னோம். முடிந்த பிறகும் இவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.